கழிவுநீர்க் குட்டையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சென்னை மாநகருக்குள் குட்டை வெட்டிக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய இனி இடம் கிடையாது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி எல்லாமே மின்சாரத்தில் காற்றூட்டி ஓடும் நிலையங்கள். மாநகரைத் தாண்டிச் செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் வந்தால் நிலைமை வேறு. ஓரிரண்டு ஏக்கர் கையில் இருக்கும் பேரூராட்சிக்கும், பெரிய மனைப்பிரிவுக்கும், கல்லூரி வளாகத்துக்கும் குட்டைமுறைதான் கட்டுப்படியாகும். கரண்டு பில் குறைவு, மோட்டார் ரிப்பேர் குறைவு. ஆனால் குட்டை கெட்டுவிட்டால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. அந்த நேரம் பார்த்து யாராவது பாக்டீரியா பவுடர் மூட்டையோடு வந்து நிற்பார்கள். அதை வாங்குவதற்கு முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் எல்லாம் கடைசியில் இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கின்றன: உள்ளே எவ்வளவு வருகிறது? வந்தது எவ்வளவு நேரம் தங்குகிறது?

வரைபடத்தில் அனரோபிக் என்று போட்டிருப்பதை இங்கே முதல் குட்டை என்கிறேன்; 2 முதல் 5 மீட்டர் ஆழம், பாசி இல்லாமல் கறுப்பாகத்தான் இருக்கும். ஃபேகல்டேட்டிவ் என்பது நடுக்குட்டை. ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் ஆழம், பச்சையாக இருக்க வேண்டும். அதற்கடுத்து வருபவை கடைசிக் குட்டைகள். ஒரு மீட்டர் சொச்சம் ஆழம், கிருமி சாவதற்கானவை.

கணக்குக்கு 10,000 பேர் உள்ள ஒரு பேரூரை வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும். ஆக 1080 கன மீட்டர். பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்; குட்டையில் விழும் சுமையை இதை வைத்துத்தான் அளப்பார்கள்) ஆளுக்கு 27 கிராம் வீதம் 270 கிலோ. முதல் குட்டையில் அறுபது சதவீதம் போனால் மீதி 108 கிலோ. நடுக்குட்டை ஹெக்டேருக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு நம் நாட்டில் புழங்கும் கணக்கு எளிது: அட்சரேகையை 6.25-ஆல் பெருக்கி, 375-இலிருந்து கழியுங்கள். சென்னைக்கு 13 பாகை, எனவே சுமார் 294 கிலோ. வெப்பநிலையை வைத்துப் போடும் இன்னொரு வாய்பாடு 25 பாகைக்கு 350 வரை தரும். நிலம் விற்கும் விலையில் 350-ஐப் பிடித்துக்கொள்ளத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் 300-ஐத் தாண்ட மாட்டேன். இந்த ஊருக்கு நடுக்குட்டை 0.36 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 90 சென்ட். உங்கள் குட்டையின் எண்களையும் இதே மாதிரி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை: ஓட்டத்தை அளப்பது

நீர் நுழையும் வாய்க்காலில் 90 பாகை வி-நாட்ச் தகடு (V வடிவ வெட்டு வழியாக நீர் வழியும் தகடு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகடு வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. தகட்டுக்குச் சற்று மேல்பக்கம், நீர் வளைந்து இறங்காத இடத்தில் ஸ்கேலை வையுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் 15 செ.மீ. நீர் நின்றால் நாளுக்குச் சுமார் 1040 கன மீட்டர் ஓட்டம். நம் மாதிரி ஊருக்கு அது சரியான அளவு. 20 செ.மீ. நின்றால் 2130. ஐந்தே செ.மீ. ஏறியதில் ஓட்டம் இரண்டு மடங்கு. கண்ணால் பார்த்தால் "கொஞ்சம் கூட வருது" என்றுதான் தோன்றும்.

ஒரு தடவை அளந்தால் போதாது. காலை ஆறு, ஒன்பது, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஒரு முழு நாளுக்கு எடுங்கள். பம்பு ஓடும்போது மட்டும் நீர் வரும் இடமென்றால், பம்பு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை பெய்த மறுநாளும் அளந்துவிடுங்கள். தெருவில் தண்ணீர் தேங்கினால் நம்மவர்கள் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவது வழக்கம். வெள்ளம் மொத்தமும் பாதாள சாக்கடை வழியாகக் குட்டைக்கு வந்து சேரும்.

அறிகுறி 1: நாற்றம்

புகார் வந்ததும் எத்தனை மணிக்கு, எந்தத் தெருவிலிருந்து என்று கேட்டு எழுதுங்கள். பிற்பகலில் கடற்காற்று மேற்கே தள்ளும். பின்னிரவில் நிலக்காற்று கிழக்கே தள்ளும். ஒரே குட்டையைப் பற்றி இரு பக்கத்துத் தெருக்காரர்களும் வெவ்வேறு நேரத்தில் புகார் சொல்வது இதனால்தான். காற்று எதிர்ப்பக்கம் வீசும் நேரத்திலும் ஒரு தெருவில் நாற்றம் இருந்தால், குட்டையை விட்டுவிட்டு அந்தத் தெருவின் மேன்ஹோலைப் பாருங்கள்.

*1அ. நாற்றம் முதல் குட்டையிலிருந்து*

மேலே தடித்த ஏடு படிந்திருக்கிறதா? படிந்திருந்தால் கை வைக்காதீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் நாற்றத்தை உள்ளே அடக்கி வைப்பதே அந்த ஏடுதான். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அதை வாரிப் போட்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மறுபடி ஏடு கட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஏடு சரியாக இருந்தும் நாற்றம் போகவில்லையென்றால் பி.எச். தாளை (அமிலமா காரமா என்று காட்டும் தாள்) நனைத்துப் பாருங்கள். 7-க்குக் கீழே இருந்தால் குட்டை புளித்துவிட்டது. சுண்ணாம்பைக் கரைத்து நுழைவாயில் பக்கம் தினமும் கொஞ்சமாக ஊற்றி 7-க்கு மேலே கொண்டுவாருங்கள். புதுக் குட்டையில் இது சாதாரணமாக நடக்கும். அடியில் பழைய கசடு இல்லாமல் திறந்துவிட்டிருப்பார்கள். நல்லபடியாக ஓடும் நிலையம் ஒன்றின் செரிப்புத் தொட்டிக் கசடை ஒரு லாரி வாங்கி விட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, சுமை மிகக் குறைவாக இருக்கிறதா என்பது. இதைப் பலர் யோசிப்பதில்லை. பாதாள சாக்கடைத் திட்டம் முடிந்து குட்டை தயாராகிவிடும். வீட்டு இணைப்போ பாதிகூட ஆகியிருக்காது. ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு நாளுக்கு 100 கிராம் பி.ஓ.டி.கூட வராவிட்டால் முதல் குட்டை ஒழுங்காக வேலை செய்யாது. வால்வைத் திருப்பி நீரை நேராக நடுக்குட்டைக்கு விடுங்கள். இணைப்புகள் ஏறிய பிறகு முதல் குட்டையைத் திறந்துகொள்ளலாம்.

சுமை திடீரென்று ஏறியிருந்தால் கழிவுநீர் லாரியைத் தேடுங்கள். செப்டிக் டேங்க்கில் உறிஞ்சியதை ராத்திரியில் ஏதாவது ஒரு மேன்ஹோலில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விடிந்ததும் குட்டைக்கு மேல்பக்கக் குழாய்த்தடத்தில் நடந்து வாருங்கள். ஒரு மூடியின் விளிம்பில் மட்டும் மண் ஒட்டாமல் இருக்கும், கம்பியால் நெம்பிய கீறல் தெரியும், பக்கத்தில் இரட்டை டயர் தடம், குழாயை இழுத்துப்போன ஈரக்கோடு. ஒரு லாரி 6000 லிட்டர், லிட்டருக்கு 3000 மி.கி. பி.ஓ.டி. என்று குறைவாகவே வைத்தாலும் 18 கிலோ ஆகிறது. அது 650 பேருக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாள் கழிவு, பத்தே நிமிடத்தில் வந்து விழுகிறது. மூடியைப் பூட்டினால் வேறு மூடியைத் திறப்பார்கள். லாரிக்காரர்களைக் கூப்பிட்டு, நேரம் ஒதுக்கி, தனித் தொட்டியில் கொட்டச் சொல்வதுதான் நிலைக்கும். அவர்களும் எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அழுகிய முட்டை வாடை போகவில்லையா? ஊருக்கு வரும் தண்ணீரில் சல்பேட் எவ்வளவு என்று லேபில் பாருங்கள். இ.சி.ஆர். ஓரத்து ஊர்களில் கடல்நீர் ஏறிய போர்வெல் தண்ணீரைப் புழங்குகிறார்கள். லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் சல்பேட் இருக்கும் ஊருக்கு முதல் குட்டையே பொருந்தாது. இங்கே வடிவமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். குட்டைக்கு மூடி போடுவதா, நடுக்குட்டையைப் பெரிதாக்கிவிட்டு முதல் குட்டையைக் கைவிடுவதா என்பதை அவர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

*1ஆ. நடுக்குட்டை பச்சையாக இருக்கிறது, விடிகாலையில் மட்டும் வாடை*

பெரும்பாலும் கோளாறில்லை. ராத்திரியில் பாசி ஆக்சிஜன் தருவதில்லை. அதே இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நின்று பாருங்கள். வாடை இல்லை, பி.எச். 8-ஐத் தாண்டி ஏறியிருக்கிறது என்றால் குட்டை நலமாக இருக்கிறது. பி.எச். காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். பாசி வேலை செய்யவில்லை என்று பொருள்.

*1இ. நடுக்குட்டையில் நாள் முழுக்க வாடை*

அறிகுறி 2-க்குப் போங்கள். நிறம் மாறியிருக்கும்.

இடையில் ஒரு கண்டிப்பான சொல்

நாற்றத்தின் காரணத்தைத் தேடிப் பம்பிங் ஸ்டேஷன் கிணற்றுக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். ஐந்து நிமிடம்தானே என்றாலும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போனவரும் விழுவார். தற்காப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடைப்பெடுக்க இயந்திரம் வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 2: நிறம் மாறிவிட்டது

*2அ. பச்சை போய்ச் சாம்பல் அல்லது கறுப்பு*

முதலில் நுழைவாயில். நீர் ஒரே மூலையில் விழுந்து அங்கே கசடு மேடாகியிருக்கிறதா? ஒரு மூலை மட்டும் கறுத்து மற்ற பக்கம் பச்சையாக இருந்தால் சுமை பரவவில்லை என்று அர்த்தம். நுழைகுழாயை நீட்டினாலோ இரண்டாகப் பிரித்தாலோ சரியாகும்.

முழுக் குட்டையும் கறுத்திருந்தால் ஓட்டத்தையும் பி.ஓ.டி.யையும் அளந்து, ஹெக்டேருக்கு எத்தனை கிலோ விழுகிறது என்று போடுங்கள். 350-ஐத் தாண்டினால் மிகைச்சுமை. இணைக் குட்டை இருந்தால் பாதியை அங்கே திருப்புங்கள். இல்லையென்றால் முதல் குட்டையைப் பாருங்கள். அதில் கசடு நிரம்பிவிட்டால் சுமை அப்படியே நடுக்குட்டைக்குத் தாண்டிவிடும். கீழே 6இ-யில் இருக்கும் கசடு அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுமைக் கணக்கு சரியாக இருந்தும் ஓரிரு நாளில் பச்சை செத்துப்போனதென்றால் யாரோ நஞ்சு கலந்திருக்கிறார்கள். தோல் பதனிடுதல், முலாம் பூசுதல், சாயம் போன்ற தொழில்கள் நடக்கும் பகுதிகளில் கழிவு ரகசியமாகச் சாக்கடைக்கு வந்தால் குரோமியம் மாதிரியான உலோகங்கள் பாசியைக் கொன்றுவிடும். நுழைவாயில் நீரைக் கண்ணாடி பாட்டிலில் உடனே எடுத்து, தேதி, மணி எழுதி ஒட்டுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிவிக்க வேண்டிய இடம் இது. நீங்களே தேடிப் பிடிக்கப் போக வேண்டாம்.

*2ஆ. ரோஸ் அல்லது ஊதா*

சல்பைடை உண்ணும் ஊதாக் கிருமிகள் பெருகியிருக்கின்றன. நடுக்குட்டையில் இந்த நிறம் வந்தால் மிகைச்சுமை, அல்லது உப்புத்தண்ணீர். 1அ, 2அ இரண்டையும் பாருங்கள். நிறத்தைப் போக்க மருந்து ஊற்றாதீர்கள். சல்பைடைத் தின்று வாடையைக் குறைத்துக்கொண்டிருப்பதே அந்தக் கிருமிகள்தான்.

*2இ. தண்ணீர் தெளிந்துவிட்டது*

பார்க்க நன்றாக இருக்கும், ஆபத்து. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். சிவந்த புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்தினால் அவை டாஃப்னியா, மொய்னா போன்ற நீர்ப்பூச்சிகள். பாசியைத் தின்று தீர்த்துவிட்டன. பாசி போனதும் ஆக்சிஜன் குறையும்; அதனால்தான் பூச்சி சிவக்கிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பூச்சி தானாக அடங்கிப் பச்சை திரும்பும். அதற்குள் சுமை ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

*2ஈ. நீலப்பச்சைப் பெயின்ட் ஊற்றியது மாதிரி மேலே படலம்*

கோடையில், காற்றில்லாத நாட்களில் வரும். மேலே படலம் கட்டினால் கீழே வெளிச்சம் போகாது. ஹோஸ் பைப்பால் பீய்ச்சி உடைத்தால் ஓரளவு மூழ்கும். ஓரத்தில் ஒதுங்கியதை வலையால் வாரிவிடுங்கள். ஆடுமாடு வந்து குடிக்காதபடி வேலியைச் சரிசெய்யுங்கள், இந்த வகைப் பாசியில் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு இருக்கக்கூடும். மயில்துத்தம் போடச் சொல்பவர்கள் உண்டு. அது நல்ல பாசியையும் சேர்த்துக் கொன்று, அடுத்த வாரமே உங்களை 2அ-வில் கொண்டுபோய் நிறுத்தும்.

அறிகுறி 3: மேலே ஏதோ மிதக்கிறது

எண்ணெய்ப் படலம் என்றால் ஓட்டல், கல்யாண மண்டபக் கழிவு. அவர்கள் வாசலில் கிரீஸ் பிடிக்கும் தொட்டி இருக்கிறதா, வாரப்படுகிறதா என்று பாருங்கள். கறுப்புக் கசடுத் திட்டுகள் குமிழ் விட்டு மேலே எழும்பினால் அடியில் கசடு மிகுந்துவிட்டது. வலையால் வாரியெடுத்துப் புதைக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் கசடு வாரும் நேரம் வந்துவிட்டது.

ஆகாயத்தாமரை வந்துவிட்டால் ஒரு செடிகூட விடாமல் எடுத்துவிட வேண்டும். அடையாறு, கூவம் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. பாதி எடுத்துவிட்டுப் பாதியை அடுத்த வாரம் என்று விட்டால், அடுத்த வாரம் மறுபடி முழுக் குட்டை. எடுத்ததைக் கரையிலேயே குவிக்காதீர்கள், மழையில் வழுக்கி உள்ளே இறங்கிவிடும்.

கோரையோ நாணலோ நடுவில் முளைத்தால் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைந்துவிட்டது. அறுப்பது தற்காலிகம்தான், நீர்மட்டத்தை உயர்த்துங்கள், அல்லது அடியில் சேர்ந்த மண்ணை எடுங்கள்.

அறிகுறி 4: கொசு

குட்டையின் நடுவில் கொசு வளராது, காற்றும் அலையும் விடாது. கரையோரப் புல் நிழலில்தான் வளரும். வெள்ளை மக் ஒன்றை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி வாருங்கள். சில அடிக்கு ஒருமுறை மொண்டு புழு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் புழு இருக்கிறதோ அந்தப் பக்கம் புல் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டுங்கள். வெட்டியது நீரில் விழக் கூடாது.

அதற்கும் மசியவில்லையென்றால் நீர்மட்டத்தைப் பத்துப் பதினைந்து செ.மீ. இறக்கி, சில நாள் கழித்து ஏற்றுங்கள். ஓரத்துப் புழுக்கள் கரையில் காய்ந்து சாகும். நிரந்தரத் தீர்வு, நீர் தொடும் உயரத்தில் சுற்றிலும் கருங்கல் அல்லது கான்கிரீட் பலகை பதிப்பது. புல் முளைக்காது, அலை கரையை அரிக்காது. புதிதாகக் கட்டுகிறவர்கள் இதைச் செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கம்பூசியா மீன் விடுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கடைசிக் குட்டையில் அது பிழைக்கும், கொசுப்புழுவைத் தின்னும். ஆனால் உபரிநீரோடு ஏரிக்குப் போய்விட்டால் நாட்டு மீன் குஞ்சுகளையும் தின்றுவிடும். வெளிவாயில் ஏரிக்குப் போகும் இடங்களில் நான் விட மாட்டேன்.

அறிகுறி 5: நீர்மட்டம் நிற்கவில்லை

*5அ. இறங்குகிறது*

கோடையில் சென்னையில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மி.மீ. வரை ஆவியாகப் போவது இயல்பு. அதற்கு மேல் போகிறதா என்று அறிய ஒரு வெள்ளை பக்கெட் போதும். முக்கால்வாசி குட்டைநீர் ஊற்றி, கரையோரப் படியில் பாதி மூழ்கும்படி கட்டி வையுங்கள். பக்கெட்டின் உள்ளேயும், பக்கத்தில் ஊன்றிய கம்பிலும் மட்டத்தைக் குறியுங்கள். உள்வாயில், வெளிவாயில் இரண்டையும் ஒரு நாள் அடைத்து வைத்து மறுநாள் அதே மணிக்குப் பாருங்கள். பக்கெட்டில் 7 மி.மீ., குட்டையில் 17 மி.மீ. என்றால் வித்தியாசம் 10 மி.மீ. நம் 0.36 ஹெக்டேர் குட்டைக்கு அது நாளுக்கு 36 கன மீட்டர் கசிவு, பக்கத்துக் கிணறுகளுக்குப் போகிறது.

களிமண் நிலத்தில் புதுக் குட்டை கசிந்தால் சில மாதத்தில் கசடே அடைத்துவிடும். இ.சி.ஆர். பக்கத்து மணலில் அடைக்காது. லைனிங் (நீர் கசியாமல் அடியில் விரிக்கும் ஷீட்) இல்லாமல் வெட்டியிருந்தால் லைனிங் போடுவது தவிர வேறு வழியில்லை, அது ஒப்பந்ததாரர் வேலை. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை லைனிங் குட்டையைக் காலி செய்ய வேண்டாம். நிலத்தடி நீர் ஏறியிருக்கும் காலத்தில் மேலே எடை இல்லாவிட்டால் ஷீட் அப்படியே உப்பி எழும்பும்.

*5ஆ. கரையின் வெளிப்பக்கம் ஈரம்*

கசியும் நீரை டம்ளரில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் எலி வளை, நண்டு வளை, வேலிக்காத்தான் வேர் ஆகியவற்றைத் தேடி, களிமண் திணித்து அடைக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிகிறது. அடுத்த அடைமழைக்கு அந்த இடம் நிற்காது. உடனே மட்டத்தை இறக்கிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்; மண் கொட்டி மேலே பூசுவதால் பயனில்லை.

*5இ. ஏறுகிறது, வழிகிறது*

வெளிவாயிலில் பிளாஸ்டிக் பை. பத்தில் ஒன்பது தடவை இதுதான். இல்லையென்றால் வி-நாட்சுக்குப் போங்கள், மழைநீர் வருகிறது.

அறிகுறி 6: லேப் ரிப்போர்ட் தேறவில்லை

மத்திய அரசின் 2017 அறிவிக்கையில், லிட்டருக்கு மி.கி. கணக்கில், பெருநகரங்களுக்குப் பி.ஓ.டி. 20, மற்ற இடங்களுக்கு 30. மிதக்கும் திடப்பொருள் முறையே 50, 100. மலக்கிருமி 100 மில்லிக்கு 1000-க்குள். உங்கள் நிலையத்துக்கு வாரியம் தந்த இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அதுதான் செல்லும்.

*6அ. பி.ஓ.டி.யும் திடப்பொருளும் அதிகம்*

லேபிடம் ஒரே மாதிரியை வடிகட்டியும் வடிகட்டாமலும் பி.ஓ.டி. பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் கூடுதல் செலவு, ஆனால் பல லட்சத்தை மிச்சப்படுத்தும் தகவல்.

வடிகட்டியது குறைவு, வடிகட்டாதது அதிகம் என்றால் வெளியே போவது பாசி. கழிவு சுத்தமாகிவிட்டது. நடுக்குட்டையின் வெளிவாயில் மேல்மட்டத்திலிருந்து நீர் எடுக்கிறதா என்று பாருங்கள். பாசி மேலே கூடும் என்பதால் 60 செ.மீ. கீழிருந்து எடுக்கும்படி தடுப்புப் பலகை வைக்க வேண்டும். முதல் குட்டைக்கு 30 செ.மீ.; கடைசிக் குட்டைக்கு 5 செ.மீ. போதும். அதற்கும் இறங்காவிட்டால் வெளிவாயிலுக்கு முன்னால் கருங்கல் ஜல்லி வடிகட்டி கட்டலாம்.

வடிகட்டியதும் அதிகம் என்றால் சுமை கூடுதல், அல்லது தங்கும் நேரம் குறைவு. சுமையை 2அ-வில் பார்த்துவிட்டீர்கள்.

*6ஆ. தங்கும் நேரத்தைச் சோதிப்பது*

காகிதத்தில் ஐந்து நாள் என்று இருக்கும். உண்மையில் நீர் குறுக்கு வழியில் ஓடி ஒரே நாளில் வெளியேறிக்கொண்டிருக்கலாம். ஒரு லிட்டர் பாட்டில்கள் சிலவற்றில் கழுத்து மட்டும் மேலே தெரியும் அளவுக்கு மணலும் நீரும் நிரப்பி, காற்றில்லாத விடிகாலையில் நுழைவாயிலில் போடுங்கள். சில மணி நேரத்திலேயே வெளிவாயிலில் வந்து முட்டினால் குறுக்கோட்டம் உறுதி. நுழைவாயிலும் வெளிவாயிலும் நேருக்கு நேராக இருக்கும் குட்டைகளில் இதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

சரிசெய்யப் பெரிய செலவில்லை. சவுக்குக் கம்புகளை வரிசையாக ஊன்றி, தடித்த தார்ப்பாய் கட்டி, குட்டையின் அகலத்தில் எழுபது சதவீதம் மறையும்படி தடுப்புகள் போடுங்கள். ஒன்று இடக்கரையிலிருந்து, அடுத்தது வலக்கரையிலிருந்து. நீர் வளைந்து வளைந்து போகும்.

*6இ. முதல் குட்டையில் கசடு எவ்வளவு*

நீளக் கழியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி மெதுவாக அடிவரை இறக்கி எடுங்கள். கறுப்பு ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடு. தனியாக வேண்டாம், இருவர், லைஃப் ஜாக்கெட்டோடு. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டால் வார வேண்டும்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் தெளிவாக எழுதமாட்டார்கள். கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 0.04 கன மீட்டர் கசடு வீதம் 10,000 பேருக்கு 400. முதல் குட்டையை ஒரு நாள் தங்கலுக்கு வெட்டியிருந்தால் கொள்ளளவு 1080, மூன்றில் ஒரு பங்கு 360. ஓராண்டு முடிவதற்குள்ளேயே நிரம்பிவிடும். வருடாவருடம் வாரப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. அதனால்தான் முதல் இரண்டு வருடம் நன்றாக ஓடிய குட்டை மூன்றாம் வருடம் நாறுகிறது. புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டு முதல் குட்டைகளை இணையாக வெட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றை வாரும்போது இன்னொன்று ஓடும். வாருவதை மார்ச்சில் தொடங்கினால் கசடு வெயிலில் காய்ந்துவிடும். ஜேசிபியைக் கரையில் ஏற்றி லைனிங்கைக் கிழித்துவிடாமல், கசடு உறிஞ்சும் பம்பு வைத்திருப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

*6ஈ. மற்றதெல்லாம் தேறி, கிருமி மட்டும் அதிகம்*

கடைசிக் குட்டை எத்தனை? ஒன்றுதான் என்றால் காரணம் அதுவே. குட்டையில் கிருமி எவ்வளவு குறையும் என்று கணக்கிடும் மராய்ஸ் வாய்பாட்டில் 25 பாகை வெப்பநிலைக்குப் போட்டுப் பாருங்கள். கச்சா நீரில் 100 மில்லிக்கு ஒரு கோடி மலக்கிருமி. முதல் குட்டை ஒரு நாள், நடுக்குட்டை ஐந்து நாள், மூன்று நாள் தங்கும் ஒரே கடைசிக் குட்டை. வெளியே வருவது சுமார் 2200. வரம்பைத் தாண்டிவிட்டது. அதே அளவில் இன்னொரு குட்டையைத் தொடராகச் சேர்த்தால் 100 சொச்சத்துக்கு இறங்கும். இரண்டாவது வெட்டாமல் இருப்பதையே ஆறு நாளுக்குப் பெரிதாக்கினால் 1100-க்கு மேலேதான் நிற்கும். ஒன்றைப் பெரிதாக்குவதைவிட இரண்டாகப் பிரிப்பது மேல். நிலம் கிடைக்கவில்லையென்றால், ஆறு நாள் தங்கும் ஒரே குட்டை உள்ளவர்கள் நடுவில் கரை போட்டுப் பிரித்தாலே போதும்.

குட்டைகள் போதுமான எண்ணிக்கையில் இருந்தும் கிருமி குறையவில்லையென்றால் 6ஆ பாட்டில் சோதனையைக் கடைசிக் குட்டைகளில் செய்யுங்கள். குளோரின் போடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். பாசி நிறைந்த நீரில் பெரும்பகுதி வீணாகும், அளவு சொல்ல நிபுணர் வேண்டும்.

தடுப்பு போட்ட மறுநாளே மாதிரி எடுத்து அனுப்பாதீர்கள். குட்டைகள் முழுக்க நீர் மாறிப் பாசி நிலைக்க ஒரு மாதமாவது கொடுங்கள். பிறகு கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைக் கணக்கில் வைத்து காலையிலேயே கிளம்புவது நல்லது.